ஒரே நாளில் இரண்டு மறைவுகள்

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தினசரி நாட்காட்டியைக் கிழிக்கும்போது, ஹிஜ்ரித் தேதிக்கும் தொழுகை நேரங்களுக்கும் கீழே ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு சிறு பகுதி இருப்பதைக் காண்கிறோம். ஜனவரி 27ஆம் தேதித் தாளில் என்ன இருக்கும்? 1756ஆம் ஆண்டு இசைமேதை மொஸார்ட் பிறந்தார். 1945ஆம் ஆண்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமைச் சோவியத் படை விடுவித்தது. 1967ஆம் ஆண்டு அப்பல்லோ 1 விண்கலத்தில் ஒத்திகையின்போது தீப்பற்றி மூன்று விண்வெளி வீரர்கள் உயிரிழந்தனர். ஒன்றுக்கொன்று எவ்விதத் தொடர்பும் இல்லாத நிகழ்வுகள். தேதி ஒன்றே என்பதைத் தவிர அவற்றை இணைக்கும் நூல் வேறெதுவும் இல்லை.

அதே தேதியில் நிகழ்ந்த இன்னொன்று எந்த நாட்காட்டியிலும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கி.பி. 632, ஜனவரி 27, திங்கட்கிழமை. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதத்தின் கடைசி. அன்று மதீனாவில் ஒரு குழந்தை இறந்தது. அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்ததால், இரண்டுக்கும் இடையே தொடர்பு இருந்தாக வேண்டும் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு அன்று கிடைத்த பதிலே இக்கட்டுரையின் பொருள்.

(ஒரு சிறு திருத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரி 27 என்பது அக்காலத்து ஜூலியன் கணக்கு. இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் கணக்கைப் பின்னோக்கிப் பொருத்தினால் அது ஜனவரி 30ஆக வரும். நாட்காட்டித் தாளில் நாம் காணும் பழைய தேதிகள் பலவும் இப்படித்தான். எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்பதைச் சொல்லாமலேயே சொல்லப்படுகின்றன.)

இறந்த குழந்தையின் பெயர் இப்ராஹீம். தந்தை, அல்லாஹ்வின் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள். தாய், எகிப்திலிருந்து வந்த மாரியா (ரலி) அவர்கள். ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பிறகு நபியவர்கள் அண்டை நாட்டு ஆட்சியாளர்களுக்குக் கடிதங்கள் அனுப்பியபோது, எகிப்தின் ஆளுநர் முகவ்கிஸ் மரியாதையுடன் பதில் எழுதி, மாரியாவையும் அவருடைய சகோதரி ஸீரீனையும் மதீனாவுக்கு அனுப்பிவைத்தார். மாரியா (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் குடியிருந்தார்கள். அங்கே ஓர் இரவில் ஆண்குழந்தை பிறந்தது. இன்றிரவு எனக்கொரு மகன் பிறந்திருக்கிறான், என் தந்தை இப்ராஹீமின் பெயரை அவனுக்குச் சூட்டியிருக்கிறேன் என்று நபியவர்கள் தோழர்களிடம் மகிழ்ந்து சொன்னதை முஸ்லிம் நூல் பதிவு செய்திருக்கிறது.

அக்காலத்து அரபு வழக்கப்படி குழந்தை பாலூட்டும் தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. உம்மு ஸைஃப் என்பது அப்பெண்மணியின் பெயர். கணவர் அபூ ஸைஃப் ஒரு கொல்லர். பட்டறையும் வீடும் ஒன்றுதான் போலும். நபியவர்கள் பிள்ளையைப் பார்க்கச் செல்லும்போதெல்லாம் வீடு முழுவதும் புகை மண்டிக் கிடக்கும். உடன் செல்லும் அனஸ் (ரலி) அவர்கள் முன்னால் ஓடிப்போய், அல்லாஹ்வின் தூதர் வந்துவிட்டார்கள், துருத்தியைச் சற்று நிறுத்துங்கள் என்று கொல்லரிடம் சொல்வார்களாம். நபியவர்கள் அந்தப் புகைக்குள் நுழைந்து குழந்தையை வாங்கி, முத்தமிட்டு, முகர்ந்து, திரும்பி வருவார்கள். குடும்பத்தாரிடம் அவர்களைவிட அன்பு மிகுந்த ஒருவரை நான் பார்த்ததில்லை என்பது பத்தாண்டுகள் அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் அவர்களின் சாட்சியம்.

அந்தத் தந்தையின் வயது அப்போது அறுபதைக் கடந்திருந்தது. காசிம், அப்துல்லாஹ் என்ற இரு மகன்களை மக்காவில் மழலைப் பருவத்திலேயே இழந்தவர்கள். மகன் இறந்த துயரத்தில் இருந்தவரைப் பார்த்து, இவர் வாரிசற்றவர், இவரோடு இவருடைய பெயரும் அழிந்துபோகும் என்று குறைஷியர் எள்ளி நகையாடிய வரலாறும், அதற்குப் பதிலாக அல்கவ்ஸர் அத்தியாயம் அருளப்பட்டதும் நாம் அறிந்தவையே. மதீனாவில் மகள் ருகையா (ரலி) ஹிஜ்ரி 2இலும், ஸைனப் (ரலி) 8இலும், உம்மு குல்ஸூம் (ரலி) 9இலும் இறந்தார்கள். எஞ்சியிருந்தவர் ஃபாத்திமா (ரலி) ஒருவர்தான். இந்நிலையில் முதுமையில் கிடைத்த மகன் இப்ராஹீம்.

அந்த மகனின் உயிர் பிரியும் தறுவாயில் நபியவர்கள் கொல்லரின் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையைக் கையிலேந்தியபோது அவர்களுடைய கண்கள் நீர் சொரிந்தன. அருகிலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வியப்புடன், தாங்களுமா அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். இது இரக்கம் என்று பதில் வந்தது. பிறகு மீண்டும் கண்ணீர். கண் அழத்தான் செய்யும், நெஞ்சு நோகத்தான் செய்யும், ஆனால் இறைவனுக்கு உவப்பில்லாத ஒரு சொல்லை நாம் சொல்லமாட்டோம் என்ற கருத்தில் நபியவர்கள் பேசியதும், உன் பிரிவால் துயருறுகிறோம் இப்ராஹீமே என்று மகனின் பெயர் சொல்லி அழைத்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. குழந்தை பகீஉ மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டது.

அந்த நாளில்தான் வானம் மங்கியது.

மின்விளக்கு இல்லாத ஊர். தெளிந்த பாலைவன வானம். குளிர்காலக் காலையில் வெயில் ஏறவேண்டிய நேரத்தில் வெளிச்சம் குறையத் தொடங்கினால் என்ன தோன்றும் என்பதை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். மதீனாவிலிருந்து பார்த்தவர்களுக்குச் சூரியன் முழுமையாக மறையவில்லை. ஆயினும் அதன் பெரும்பகுதி மறைந்திருந்தது. நபியவர்கள் மேலாடை தரையில் இழுபட விரைந்து பள்ளிவாசலுக்கு வந்தார்கள் என்கிறார் அபூபக்ரா (ரலி). தொழுகைக்கு ஒன்று கூடுங்கள் என்று தெருக்களில் அறிவிக்கப்பட்டது. பாங்கும் இல்லை, இகாமத்தும் இல்லை.

அன்றைய தொழுகையின் நீளத்தைப் பற்றி வந்துள்ள செய்திகளுள் என் மனத்தில் நிற்பது அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் கூறுவது. அவர் தம் சகோதரி ஆயிஷா (ரலி) அவர்களிடம் வருகிறார். எல்லோரும் தொழுதுகொண்டு நிற்கிறார்கள். ஆயிஷா அவர்களும் தொழுகையில் இருக்கிறார்கள். மக்களுக்கு என்ன ஆயிற்று என்று அஸ்மா கேட்கிறார். தொழுகையில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? வானத்தை நோக்கிச் சைகை காட்டுகிறார். இது ஓர் அத்தாட்சியா என்று கேட்க, ஆம் என்று தலையசைக்கிறார். அஸ்மாவும் தொழுகையில் சேர்ந்துகொள்கிறார். நின்று நின்று மயக்கம் வரும் நிலையாகி, பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டதாக அவரே சொல்கிறார். இரண்டே ரக்அத்துகள்தாம். ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு முறை நின்று ஓதி, இரண்டு முறை ருகூஉ செய்யும் அந்த முறையை ஷாஃபிஈ மத்ஹபினர் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபினர் மற்ற தொழுகைகளைப் போல் ஒரு ருகூஉடன் தொழுகிறார்கள். தமிழகத்தில் அடுத்தடுத்த ஊர்களிலேயே இந்த இரண்டு முறைகளையும் பார்க்க முடியும்.

தொழுது முடிப்பதற்குள் சூரியன் வெளிப்பட்டுவிட்டது. இதற்கிடையில் மக்களிடையே ஒரு பேச்சு பரவியிருந்தது: இப்ராஹீம் இறந்ததற்காகவே சூரியன் கிரகணம் பிடித்திருக்கிறது.

இதைச் சொன்னவர்கள் நயவஞ்சகர்கள் அல்லர். கெட்ட எண்ணத்தில் கிளம்பிய வதந்தியும் அல்ல. தலைவரின் துயரம் கண்டு நெஞ்சு கனத்திருந்த மனிதர்கள், வானமும் தங்களோடு சேர்ந்து துக்கப்படுகிறது என்று எண்ணினார்கள். மாபெரும் மனிதர் ஒருவர் இறந்தால் சூரியனோ சந்திரனோ மறையும் என்பது அறியாமைக் காலத்து அரபுகளின் பழைய நம்பிக்கை. அந்தப் பழைய நம்பிக்கையும் புதிய அன்பும் அன்று கைகோத்துக்கொண்டன. யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத ஒரு பேச்சு என்றுதானே நமக்குத் தோன்றுகிறது? நபியவர்கள் அதை மறுக்கக்கூட வேண்டியதில்லை. வாய் திறவாமல் இருந்திருந்தாலே போதும். வாரிசற்றவர் என்று ஏசியவர்களுக்கு இதைவிடப் பெரிய பதிலடி வேறென்ன இருக்க முடியும்? அதே ஆண்டில் யமாமாவில் முஸைலிமா தன்னையும் நபி என்று சொல்லிக்கொண்டிருந்தான். அரபு நாடெங்கும் இருந்து தூதுக்குழுக்கள் மதீனாவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த காலம். மகனின் மரணத்துக்குச் சூரியனே இருண்டது என்ற செய்தி அந்தக் குழுக்களோடு எவ்வளவு தொலைவு பயணப்பட்டிருக்கும்!

நபியவர்கள் எழுந்து நின்று உரையாற்றினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு. எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை. அதைக் கண்டால் தொழுங்கள், இறைவனை அழையுங்கள் என்பதே அவ்வுரையின் சாரம். முகீரா இப்னு ஷுஅபா (ரலி), ஆயிஷா (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி), இப்னு உமர் (ரலி) எனப் பல தோழர்கள் வழியாக இது வந்திருக்கிறது. தர்மம் செய்யவும், அடிமைகளை விடுதலை செய்யவும் அன்று ஏவினார்கள் என்றும் அறிவிப்புகள் உண்டு.

‘எவருடைய வாழ்வுக்காகவும்’ என்று சேர்த்துச் சொன்னதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மக்கள் பேசியது மரணத்தைப் பற்றி மட்டுமே. ஆனால் மரணத்தை மட்டும் மறுத்திருந்தால், மாமனிதர் ஒருவர் பிறந்ததற்காக என்று நாளை வேறொருவர் கிளப்பிவிடுவார். அந்த வாசலும் அன்றே அடைக்கப்பட்டது. இன்னொன்று, தம் மகனைப் பற்றி அந்த உரையில் நபியவர்கள் வேறெதையும் விரித்துப் பேசியதாக இந்த அறிவிப்புகளில் இல்லை. துயரம் கொல்லரின் வீட்டில் கண்ணீராக வெளிப்பட்டது. மிம்பரில் வெளிப்பட்டது உண்மை மட்டும்.

இதன் அருமையை உணர, கிரகணத்தை வேறு விதமாகப் பயன்படுத்திய ஒருவரின் கதையை அருகே வைத்துப் பார்க்கலாம். 1503ஆம் ஆண்டு கப்பல்கள் பழுதாகி ஜமைக்கா தீவில் சிக்கிக்கொண்டார் கொலம்பஸ். முதலில் உணவு கொடுத்து உதவிய பூர்வகுடி மக்கள் மாதங்கள் செல்லச்செல்ல நிறுத்திக்கொண்டார்கள். கொலம்பஸிடம் வானியல் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. 1504, பிப்ரவரி 29 இரவு சந்திர கிரகணம் என்பதை அதிலிருந்து அறிந்துகொண்ட அவர், எங்களுக்கு உணவு தராததால் கடவுள் கோபம் கொண்டிருக்கிறார், அதன் அடையாளமாக நிலவு சிவந்து மறையும் என்று அம்மக்களை மிரட்டினார். சொன்னபடியே நிலவு மறைந்தது. அஞ்சி நடுங்கிய மக்கள் உணவுடன் ஓடிவந்தார்கள். தெரிந்தே சொல்லப்பட்ட பொய் அது. நிகழ்வும் நேரமும் ஒத்துப்போனால் மனிதன் எதையும் நம்புவான் என்பதை அவர் அறிந்திருந்தார். மதீனாவில் மிரட்டவோ பொய் சொல்லவோகூடத் தேவை இருக்கவில்லை. மக்கள் தாமாகவே நம்பிவிட்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நபியவர்கள் ஏற்க மறுத்தார்கள்.

இனி வரலாற்று ஆய்வின் பக்கம் வருவோம். மரணத்துக்கும் கிரகணத்துக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை என்று நபியவர்கள் சொன்னார்கள். ஆனால் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன என்ற செய்தி மட்டும் எஞ்சி நின்றது. அந்தச் செய்திதான் பின்னாளில் சீறா ஆய்வாளர்களுக்குப் பெரும் புதையலாயிற்று.

இப்ராஹீம் இறந்தது ஹிஜ்ரி 10, ரபீஉல் அவ்வல் பிறை 10, செவ்வாய்க்கிழமை என்று வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதியிருக்கிறார். ஹிஜ்ரி 207இல் இறந்த அவர் பழைய தகவல்களை ஏராளமாகத் திரட்டியவர். அவர் சொல்லைப் பலரும் எடுத்தாண்டார்கள். ஆனால் சூரிய கிரகணம் என்பது சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வரும்போது நிகழ்வது. அது மாத இறுதியில், பிறை கண்ணுக்குத் தெரியாத நாட்களில் மட்டுமே சாத்தியம். பிறை பத்தில் சந்திரன் முக்கால் பங்குக்கு மேல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் இப்னு தைமிய்யா (ரஹ்) இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார்: பிறை 10இல் சூரிய கிரகணம் நிகழ்ந்தது என்பது வழமைக்கு மாறானது, ஆகவே வாகிதீ சொல்லும் தேதி பிழை. வானியலை வைத்து ஒரு வரலாற்றுத் தகவலை மார்க்க அறிஞர் ஒருவர் திருத்திய நிகழ்வு இது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பெருநாள் தொழுகையும் கிரகணத் தொழுகையும் ஒரே நாளில் வந்தால் எதை முதலில் தொழுவது என்று ஃபிக்ஹு நூல்களில் விவாதம் இருக்கிறது. அந்தக் கேள்வியே வானியல்படி எழ முடியாத ஒன்று என்று சிலர் சொல்ல, இறைவன் நாடினால் எதுவும் நிகழும் என்று வேறு சிலர் வாதிட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இந்த நாளுக்கு இன்னொரு மாணவர் கிடைத்தார். எகிப்தைச் சேர்ந்த வானியலாளர் மஹ்மூத் பாஷா அல்ஃபலகீ. பாரிஸ் நகரில் பயின்ற இவர், 1858இல் பிரெஞ்சு மொழியில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த ஆண்டுகளில் மதீனாவில் காணக்கூடியதாக இருந்த கிரகணத்தைக் கணக்கிட்டு, அது கி.பி. 632, ஜனவரி 27 காலையில் நிகழ்ந்தது என்று நிறுவினார். நபியவர்கள் ஒருநாள் காலையில் வாகனமேறிப் புறப்பட்டார்கள், அப்போது கிரகணம் பிடித்தது, முற்பகலில் திரும்பினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறும் செய்தி ஒன்றுண்டு. நபியவர்களின் காலத்தில் சூரிய கிரகணத் தொழுகை ஒருமுறைதான் நடந்தது என்று கொள்ளும் அறிஞர்களின் கருத்துப்படி இதுவும் அதே நாள்தான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் காகிதத்தில் போட்ட கணக்கும் ஒரு மனைவியின் நினைவும் ‘காலை’ என்ற ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன.

மஹ்மூத் பாஷா அங்கே நிற்கவில்லை. அந்த நாளை ஆணியாக அடித்துக்கொண்டு பின்னோக்கிச் சந்திர மாதங்களை எண்ணினார். நபியவர்கள் பிறந்தது திங்கட்கிழமை என்பது நமக்கு அறிவிப்புகளில் கிடைக்கும் உறுதியான செய்தி. அதையும் வயதையும் சேர்த்துப் பார்த்து, பிறந்த நாள் ரபீஉல் அவ்வல் பிறை 9, கி.பி. 571, ஏப்ரல் 20 என்ற முடிவுக்கு வந்தார். தமிழிலும் வெளிவந்து நம் வீடுகளில் வாசிக்கப்படும் ‘ரஹீகுல் மக்தூம்’ நூலில் பிறை 12 என்று இல்லாமல் 9 என்று இருப்பதைக் கண்டு வியந்தவர்கள் உண்டு. அதன் பின்னணியில் இந்த ஆய்வும் இருக்கிறது. இறந்த மகனின் நாளைக் கொண்டு தந்தையின் பிறந்த நாளைத் தேடிய கணக்கு. ஆயினும் இது ஒரு கருத்தே; முடிந்த முடிவு அன்று. அறியாமைக் காலத்தில் அரபுகள் மாதங்களை முன்பின் நகர்த்தும் வழக்கம் கொண்டிருந்தார்கள். அதைக் குர்ஆன் தவ்பா அத்தியாயத்தில் கண்டித்தது. காலம் அதன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள்தாம் என்று நபியவர்கள் இறுதி ஹஜ்ஜின் உரையில் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளைத் துல்லியமாக எண்ணுவது கடினம் என்பது இதனால்தான்.

அந்த ஹஜ்ஜின் அரஃபா நாள் வெள்ளிக்கிழமை என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாகப் புகாரியில் இருக்கிறது. கிரகண நாளிலிருந்து 39ஆம் நாள், கி.பி. 632, மார்ச் 6, வெள்ளிக்கிழமையாகவே வருகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் விரல்விட்டு எண்ணிப் பார்த்த இரவில் எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் எல்லாமே இப்படி அழகாகப் பொருந்திவிடுவதில்லை. இப்ராஹீம் பிறந்தது ஹிஜ்ரி 8, துல்ஹஜ் மாதம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். இறக்கும்போது வயது 16 மாதம் என்றும் 18 மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. துல்ஹஜ்ஜிலிருந்து ஹிஜ்ரி 10 ஷவ்வால் வரை எண்ணினால் 22 மாதங்கள் ஆகின்றன. பிறந்த மாதமோ வயதோ, ஏதோ ஒன்று நினைவில் பிசகியிருக்க வேண்டும். கிரகணம் மட்டும் பிசகவில்லை.

கிரகணத்தை அபசகுனமாகப் பார்க்கக் கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்தில் அதை அளந்து எழுதிவைக்கும் அறிஞர்களும் தோன்றினார்கள். கி.பி. 977, டிசம்பரில் கெய்ரோவின் கராஃபா பகுதிப் பள்ளிவாசலில் அறிஞர் குழு ஒன்று கூடிச் சூரிய கிரகணத்தைக் கவனித்ததை இப்னு யூனுஸ் பதிவு செய்திருக்கிறார். அவருடைய கிரகணக் குறிப்புகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம் சந்திரனின் இயக்கத்தை ஆராயப் பயன்படுத்திக்கொண்டார். தொழுவதற்காக வந்து நின்ற இடத்திலேயே அளக்கவும் செய்தார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். ஒரு நாளின் மீது நிகழ்வுகளைச் சுமத்தும் பழக்கம் நம்மைவிட்டுப் போய்விட்டதா? முஹர்ரம் பிறை 10 வந்தால், ஆதம் (அலை) முதல் யூனுஸ் (அலை) வரை எல்லா நபிமார்களின் வாழ்விலும் திருப்பம் நேர்ந்தது அந்நாளிலேயே என்ற பட்டியல் கைப்பேசிகளில் வலம் வருகிறது. மூஸா (அலை) அவர்களும் பனூ இஸ்ராயீல்களும் காப்பாற்றப்பட்ட நாள் என்பது ஆதாரபூர்வமானது. ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் ஹுஸைன் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டது அந்நாளில் என்பது வரலாறு. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆதாரமற்றவை என்று ஹதீஸ் அறிஞர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஸஃபர் மாதத்தைப் பீடை மாதமென்று கருதி, அதன் கடைசிப் புதனை ‘ஒடுக்கத்துப் புதன்’ என்று அஞ்சிய நம் பாட்டிமார்களையும் நாம் மறக்கவில்லை. ஸஃபரில் பீடை இல்லை என்று சொன்னவரும், கிரகணத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னவரும் ஒருவரே.

இதை எழுதத் தூண்டியது எனக்கு வேறொரு நாள். டிசம்பர் 26. 2004ஆம் ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாகப்பட்டினம் தொடங்கி நம் கடலோர ஊர்களிலும், இலங்கையில் கல்முனை, மருதமுனை, அம்பாந்தோட்டை போன்ற முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்களிலும் கடல் புகுந்தது. பிள்ளைகளைக் கையிலிருந்து இழந்த பெற்றோரிடம், அந்த ஈரம் காய்வதற்குள், இது உங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள், நம்மிலும் இருந்தார்கள். மறைவானவற்றை அறிந்தவர்களைப் போலப் பேசினார்கள்.

சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019, டிசம்பர் 26, வியாழக்கிழமைக் காலையில் தமிழகத்தின் குறுக்கே வளையச் சூரிய கிரகணம் கடந்து சென்றது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக நிழல் நகர்ந்து யாழ்ப்பாணம் பக்கம் போயிற்று. மதீனாவின் அந்தக் கிரகணத்தைப் போலவே இதுவும் வளையக் கிரகணம். அதைப் போலவே காலை வேளை. சுனாமி வந்த தேதியிலேயே கிரகணமும் வருவதால் ஏதோ நடக்கப்போகிறது என்று முந்தைய நாளே பேச்சு. சில வீடுகளில் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். கருவுற்ற பெண்களை அறைக்குள் பூட்டிவைத்தார்கள். அதில் நம் வீடுகளும் விலக்கில்லை. சில மாதங்களில் கொரோனா பரவியபோது, அந்தக் கிரகணம்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

அன்று நான் ஒரு கடலோர ஊரில் இருந்தேன். எட்டு மணிக்கெல்லாம் பள்ளிவாசலில் கூடச் சொல்லி அறிவித்திருந்தார்கள். வெளிச்சம் மங்கிய முற்றத்தைத் தாண்டி உள்ளே போனபோது ஏழெட்டு வரிசைகள் நிறைந்திருந்தன. எனக்குப் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். நீண்ட நிலையில் அவர் கால் நடுங்குவது தெரிந்தது. நாற்காலி கொண்டுவந்து வைத்தார்கள், அவர் அமரவில்லை. தொழுகை முடிந்து இமாம் உரையில் இப்ராஹீம் அவர்களின் மரணத்தையும், எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்ற நபிமொழியையும் சொன்னார். உரை முடிந்து எல்லோரும் எழுந்தபோது பெரியவர் மட்டும் இமாமிடம் சென்று, ஹஜ்ரத், அந்தக் கடைசி ஹதீஸை இன்னொருமுறை சொல்லுங்கள் என்றார். இமாம் அரபியிலும் தமிழிலுமாக மெல்லச் சொன்னார். பெரியவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய பேத்தியைக் கடல் கொண்டுபோனது 2004இல் என்று பிறகு சொன்னார்கள். ஆறு வயதாம். வெளியே வெயில் மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தது. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் போவது போலவே, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மையவாடிப் பக்கம் நடந்து போனார்.